உலாவி நீட்சிகள்: சங்க அங்கத்தினர் அறிய வேண்டுவன

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர்நாடி அதன் கணக்கு. ஒரு காலத்தில் அக்கணக்கு கனத்த அட்டையிட்ட பேரேடுகளில் எழுதப்பட்டு, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டப்பட்டது. பெட்டியின் சாவி யாரிடம் உள்ளது என்பதைச் சங்கத்தார் அனைவரும் அறிந்திருந்தனர். இன்று நிலைமை மாறிவிட்டது. 2022ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் மத்திய அமைச்சரவை, நாடெங்குமுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்குவதற்கு 2,516 கோடி ரூபாய் மதிப்புள்ள ஒரு திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2023 பிப்ரவரி 2இல் ஏற்பட்ட ஓர் உடன்படிக்கையால், இச்சங்கங்கள் பொதுச் சேவை மையங்களாகவும் இயங்கி, 300க்கு மேற்பட்ட மின்னணுச் சேவைகளைக் கிராம மக்களுக்கு அளிக்க வழி பிறந்தது.

இம்மாறுதல் உழவர் சங்கங்களோடு நின்றுவிடவில்லை. நெசவாளர் சங்கங்கள் தம் சேலைகளின் படங்களை இணையத்தில் வைத்து வெளியூரார்க்கு விற்கின்றன. பழவேற்காடு ஏரிக்கரையில் சுண்ணாம்புக்குளம் போன்ற ஊர்களில் வாழும் மீனவக் குடும்பங்களும், நிவாரணத் தொகை, காப்பீடு, வங்கிக் கணக்கு ஆகிய எதற்கும் கணினியையோ கைபேசியையோ நாட வேண்டியிருக்கிறது. பேரேடு இருந்த மேசையில் கணினி அமர்ந்துவிட்டது. ஆனால் அதன் சாவி எவரெவரிடம் இருக்கிறது என்பதை முன்போல் நாம் அறிந்திருக்கிறோமா? நம்மில் பலர் அறியாமலே அச்சாவியை முன்பின் தெரியாதவரிடம் கொடுத்துவிடும் ஒரு வழியைப் பற்றியே இக்கட்டுரையில் கூற முற்படுகிறோம்.

நீட்சி என்பது யாது?

இணையத்தைக் காண உதவும் மென்பொருளுக்கு உலாவி என்று பெயர். பிரௌசர் என்று வழக்கில் கூறுவதும் இதுவே. குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் என்பன பெரும்பாலோர் அறிந்த உலாவிகள். இவ்வுலாவியில் இயல்பாக இல்லாத வசதி ஒன்றைச் சேர்ப்பதற்காகப் பிறர் எழுதி அளிக்கும் சிறு மென்பொருளே நீட்சி. எக்ஸ்டென்ஷன் என்று கணினிக் கடையினர் கூறுவர். விளம்பரங்களை மறைக்க ஒன்று, திரையைப் படம் பிடிக்க ஒன்று, ஆவணத்தை பி.டி.எஃப். ஆக மாற்ற ஒன்று, விலையை ஒப்பிட்டுக் காட்ட ஒன்று என்று பலவகை நீட்சிகள் உள்ளன. பெரும்பாலானவை இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டு சொடுக்குகளில் உலாவிக்குள் வந்து அமர்ந்துவிடுகின்றன.

நீட்சிகள் அனைத்தும் தீயவை என்று நாம் கூறவில்லை. கண்பார்வை குன்றியோர்க்கு எழுத்தைப் படித்துக் காட்டுவனவும், கடவுச்சொற்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ள உதவுவனவும் அவற்றுள் உண்டு. நல்லதும் தீயதும் ஒரே வாயில் வழியாக, ஒரே தோற்றத்தில் வருவதே இதிலுள்ள இடர்ப்பாடு.

அனுமதியின் அளவு

ஒரு நீட்சியைச் சேர்க்கும்போது உலாவி நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறது. ‘எல்லா வலைத்தளங்களிலும் உள்ள உங்கள் தரவு முழுவதையும் இது படிக்கலாம், மாற்றலாம், சம்மதமா?’ என்பது அக்கேள்வியின் பொருள். நாமோ வேலை முடிந்தால் போதுமென்று, படியாமலே சம்மதம் அளித்துவிடுகிறோம்.

இச்சம்மதத்தின் அளவை அறிய, பழவேற்காட்டு ஏரியின் ‘பாடு’ முறையை நினைத்துப் பார்ப்பது நன்று. இறாலுக்கு வலை கட்டத் தக்க இடங்களை, உரிமை பெற்ற குடும்பத்தார் ஊர்க் கட்டுப்பாட்டின்படி முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது அவ்வழக்கம். இன்னார்க்கு இன்ன இடம், இன்ன நாள் என்ற வரையறை அதில் உண்டு. வரையறை இருப்பதனால்தான் ஏரி அனைவர்க்கும் பொதுவாயிருக்கிறது. யாரென்றே தெரியாத ஒருவர் வந்து, ‘ஏரி முழுவதிலும், எல்லா நாளும் நான் வலை கட்டுவேன், பிடித்ததைப் பற்றி உங்களிடம் சொல்லமாட்டேன்’ என்றால் எந்த ஊராரேனும் இசைவரோ? திரையைப் படம் பிடிப்பதற்கென்று வந்த ஒரு சிறு நீட்சிக்கு ‘எல்லாத் தளங்களும்’ என்ற அனுமதியை அளிப்பது இதற்கு ஒப்பானதே.

அவ்வனுமதியைப் பெற்ற நீட்சி, நாம் தட்டச்சு செய்யும் பெயர், ஆதார் எண், கணக்கு எண், கடவுச்சொல் ஆகியவற்றைப் படிக்க இயலும். திரையில் தோன்றும் எண்ணை வேறொன்றாக மாற்றிக் காட்டவும் இயலும். தக்க அனுமதி இருக்குமாயின், ‘குக்கி’ எனப்படும் நுழைவுச் சீட்டையும் எடுத்துச் செல்ல இயலும். குக்கி என்பது, நாம் ஒருமுறை கடவுச்சொல் கொடுத்து உட்புகுந்தபின், ‘இவர் முன்பே சோதிக்கப்பட்டவர்’ என்று தளம் நமக்கு அளிக்கும் அடையாளம். அதைக் கைப்பற்றியவன், பல தளங்களில் கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் இல்லாமலே நம் பெயரில் உட்புகக்கூடும். ஓ.டி.பி.யை எவரிடமும் சொல்லாதவர்களும் சில வேளைகளில் தம் கணக்கை இழப்பதற்கு இது ஒரு காரணம்.

பூட்டுக்குறி இருந்தும் பாதுகாப்பின்மை

‘வங்கியின் முகவரி சரியாக உள்ளதா என்று பாருங்கள், இணைப்பு பாதுகாப்பானதா என்று பாருங்கள்’ என்னும் அறிவுரையை அங்கத்தினர் பலர் கேட்டிருப்பர். அது நல்ல அறிவுரையே. ஆயினும் நீட்சிகள் விஷயத்தில் அது மட்டும் போதாது. பாதுகாப்பான இணைப்பு என்பது, நம் கணினிக்கும் வங்கியின் கணினிக்கும் இடையே செல்லும் செய்தியை வழியில் எவரும் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்புவதாகும். நம் திரையில் தோன்றும்போது அம்மறைப்பு நீங்கிவிடுகிறது. நீங்கினால்தானே நம்மால் படிக்க முடியும்? நீட்சி இருப்பது அந்த இடத்தில்தான். தபாலுறை அரக்கு முத்திரையுடன் பத்திரமாக வந்து சேர்ந்தாலும், பிரித்த கடிதத்தை நம் தோளுக்குப் பின் நின்று ஒருவன் படித்தால் முத்திரையினால் யாது பயன்? தளம் உண்மையானது, முகவரி உண்மையானது, இணைப்பும் உண்மையானது. உடன் இருப்பவன்தான் அயலான்.

நடந்த நிகழ்ச்சிகள் சில

இவை வெறும் ஊகங்கள் அல்ல. 2020 ஜூன் மாதத்தில் அவேக் செக்யூரிட்டி என்னும் அமெரிக்க நிறுவனம், குரோம் உலாவிக்கான 111 தீய அல்லது போலி நீட்சிகளைக் கண்டறிந்து வெளியிட்டது. அவற்றுள் கூகுளின் அதிகாரபூர்வமான அங்காடியில் இருந்தவை மட்டுமே 3 கோடியே 20 லட்சம் தடவைக்கு மேல் இறக்கிக்கொள்ளப்பட்டிருந்தன. கூகுள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை நீக்கியது. அதையடுத்து நம் நாட்டின் கணினி அவசர நடவடிக்கைக் குழுவாகிய செர்ட்-இன், அவ்வாண்டு ஜூலைத் தொடக்கத்தில் இந்திய மக்களை எச்சரித்தது. அந்நீட்சிகள் திரையைப் படம் பிடிக்கவும், நகலெடுத்து வைத்ததைப் படிக்கவும், குக்கிகளைக் கவரவும், விசைப்பலகையில் தட்டுவனவற்றைப் பதிவு செய்யவும் வல்லன என்று அறிவிக்கப்பட்டது. அவற்றுள் பல, கோப்புகளை வேறு வடிவத்திற்கு மாற்றித் தருவதாகவும், ஐயத்திற்குரிய தளங்களைப் பற்றி எச்சரிப்பதாகவும் கூறிக்கொண்டவை. காவலன் வேடத்திலும் கள்வன் வருவான் என்பதற்கு இது சான்று.

இரண்டாவது நிகழ்ச்சி நெசவாளர்க்கு எளிதில் விளங்கும். வியாபாரத்தில் மாதிரித் துணி ஒன்றைக் காட்டிக் கட்டளை பெற்று, நாட்பட நாட்பட மட்டமான சரக்கை அனுப்பும் வஞ்சகம் உண்டல்லவா? ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்னும் நீட்சி, பயன்படுத்தாத பக்கங்களை உறங்க வைத்துக் கணினியின் நினைவகச் சுமையைக் குறைத்தது. நெடுங்காலம் நன்றாகவே உழைத்தது. 20 லட்சம் பேருக்கு மேல் அதை வைத்திருந்தனர். 2020 ஜூனில் அதை உருவாக்கியவர் வேறொருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்று பயன்படுத்துவோர் அறியார். உலாவியும் அவர்களுக்கு அறிவிக்கவில்லை. பின்னர் அதனுள் தீய பகுதிகள் இருப்பதாகக் கண்ட கூகுள், 2021 பிப்ரவரி 4இல் அதை முடக்கியது. நீட்சியின் பெயரும் படமும் மாறவில்லை. உள்ளே இருந்த சரக்கு மட்டும் மாறியது.

மூன்றாவது நிகழ்ச்சி, நேர்மையாளர் ஆக்கிய நீட்சியும் தவறான கைக்குப் போகக்கூடும் என்பதைக் காட்டுகிறது. சைபர்ஹேவன் என்பது தரவுகளைப் பாதுகாப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம். 2024 டிசம்பர் 24இல் அதன் ஊழியர் ஒருவருக்குக் குரோம் அங்காடியிலிருந்து வந்ததுபோல் ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘உங்கள் நீட்சி விதிகளை மீறியுள்ளது, நீக்கப்படும்’ என்பது அதன் சாரம். அதை மெய்யென்று நம்பி அவர் அளித்த அனுமதியைக் கொண்டு, வஞ்சகர் அந்நிறுவனத்தின் நீட்சியில் தீய பதிப்பொன்றை ஏற்றிவிட்டனர். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் அது பரவி, குறிப்பாக முகநூல் விளம்பரக் கணக்குகளின் குக்கிகளைத் தேடியது. அந்நீட்சியை வைத்திருந்தோர் ஏறத்தாழ 4 லட்சம் பேர். இதே முறையில் வேறு பல நீட்சிகளும் கைப்பற்றப்பட்டிருந்தமை அடுத்த சில நாட்களில் வெளியாயிற்று.

முகநூல் வழியாகத் துணி விற்கும் சங்கங்கள் இன்னொரு நிகழ்ச்சியையும் கருத வேண்டும். 2023 மார்ச்சில், சாட்ஜிபிடி என்னும் செயற்கை அறிவுச் சேவையை எளிதில் அடைய உதவுவதாகக் கூறிய ஒரு நீட்சி, முகநூல் விளம்பரங்கள் வழியே பரவியது. நாளொன்றுக்கு 2,000 பேருக்கு மேல் அதைச் சேர்த்துக்கொண்டனர். சொன்ன வேலையை அது செய்யவும் செய்தது. கூடவே, வாணிகத்திற்கென்று வைத்திருந்த முகநூல் கணக்குகளைக் கவர்ந்து, அவற்றைக் கொண்டே மேலும் விளம்பரம் செய்தது. பல ஆண்டு உழைப்பில் வாடிக்கையாளரைச் சேர்த்த ஒரு சங்கத்தின் பக்கம் இவ்வாறு பறிபோனால், வஞ்சகன் கேட்கும் முன்பணத்தை வாடிக்கையாளர் சங்கத்தின் பெயரை நம்பியே அனுப்பிவிடுவர். பணத்தோடு நற்பெயரும் போகும்.

இந்நிகழ்ச்சிகளால் நாம் தெளிய வேண்டுவது ஒன்று. அங்காடியில் இருப்பதும், பல லட்சம் பேர் வைத்திருப்பதும், நேற்றுவரை நன்றாக உழைத்ததும் ஒரு நீட்சி நாளையும் நல்லதாயிருக்கும் என்பதற்கு உறுதி ஆகா. நீட்சிகள் நம்மைக் கேளாமலே தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன. புதிய பதிப்பு கூடுதல் அனுமதி கோரினால் குரோம் அதை நிறுத்தி வைத்து நம்மைக் கேட்கும். ஆனால் முதல் நாளே ‘எல்லாத் தளங்களும்’ என்று கொடுத்துவிட்டால், பின்பு கேட்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? ஆதலின் முதலில் கொடுக்கும் அனுமதியைச் சுருக்குவதும், கொடுத்ததை அடிக்கடி திரும்பிப் பார்ப்பதுமே நமக்குக் காப்பு.

சங்கக் கணினிக்குரிய தனி அபாயம்

வீட்டுக் கணினியில் தீங்கு நேர்ந்தால் ஒரு குடும்பம் துன்புறும். சங்கக் கணினியில் நேர்ந்தாலோ, அதில் மனுப் போட்ட அத்தனை குடும்பங்களும் துன்புறும். காலையில் ஒருவர் பயிர்க்கடன் மனுவைப் பதிகிறார். நண்பகலில் ஒரு மீனவப் பெண்மணி நிவாரணம் கணக்கில் ஏறியதா என்று பார்க்கிறார். மாலையில் எழுத்தர் சங்கத்தின் வங்கிக் கணக்கைத் திறக்கிறார். மூவரும் அமர்வது ஒரே உலாவியின் முன். முந்தின வாரம் யாரோ ஒருவர் திரைப்படப் பாடலை இறக்கிக்கொள்வதற்காகச் சேர்த்த நீட்சி, இம்மூவரையும் ஒருங்கே காண்கிறது. ஏரிக்கரைக் குடும்பம் ஒன்றின் கணக்கில் இருக்கும் தொகை சிறிதாயிருக்கலாம். ஆயினும் மீன் இல்லாத மாதங்களில் அடுப்பெரிய வைப்பது அச்சிறு தொகையே.

மற்றுமோர் அபாயம் பலரும் அறியாதது. ஒருவர் தம் சொந்தக் கூகுள் கணக்கைக் கொண்டு குரோம் உலாவிக்குள் புகுந்து ஒத்திசைவுக்கு இசைந்தால், அவர் வீட்டுக் கணினியில் உள்ள நீட்சிகள் அலுவலகக் கணினிக்கும் தாமாகவே வந்துவிடக்கூடும். அவருடைய பிள்ளைகள் விளையாட்டிற்காகச் சேர்த்த நீட்சியும் அவற்றுள் ஒன்றாக இருக்கலாம். எவரும் நிறுவாமலே சங்கக் கணினியில் ஒரு நீட்சி தோன்றுவதற்கு இதுவும் காரணமாகலாம்.

செய்ய வேண்டுவன

முதலாவது, நீட்சி தேவைதானா என்று ஆராய்க. அலுவலக வேலைக்கு வேண்டிய பல வசதிகள் கணினியிலேயே உள்ளன. அச்சிடும் கட்டளையைத் திறந்து ‘பி.டி.எஃப். ஆகச் சேமி’ என்று தேர்ந்தால் பக்கம் பி.டி.எஃப். ஆகிவிடும். விண்டோஸ் விசையையும் ஷிப்ட் விசையையும் எஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால் திரையைப் படம் பிடிக்கலாம். தமிழ்த் தட்டச்சுக்கான விசைப்பலகை விண்டோஸின் மொழி அமைப்பிலேயே கிடைக்கிறது. இருப்பதை விட்டுவிட்டு இரவல் தேடுவது ஏன்?

இரண்டாவது, சேர்த்தே ஆக வேண்டுமென்றால் அந்தந்த உலாவியின் அதிகாரபூர்வமான அங்காடியிலிருந்து மட்டுமே சேர்க்க. வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பு, விளம்பரம், ‘உங்கள் உலாவி பழையதாகிவிட்டது, இதை நிறுவுக’ என்று திடீரெனத் தோன்றும் பலகை ஆகியவற்றின் வழியே எதையும் சேர்த்தல் ஆகாது. பெயரையும் படத்தையும் காப்பியடிப்பது எளிது. ஆகையால் உருவாக்கிய நிறுவனத்தின் சொந்தத் தளத்திற்குச் சென்று, அங்கிருந்து அங்காடிக்குப் போவது நல்லது. மதிப்புரைகளையும் நட்சத்திரங்களையும் மட்டும் நம்பற்க. அவற்றை விலைக்கு வாங்குவோரும் உண்டு.

மூன்றாவது, அனுமதியைப் படித்துச் சுருக்குக. குரோம் உலாவியின் மேற்புறத்தில் புதிர்த்துண்டு போன்ற ஒரு குறி உண்டு. அதனுள் ‘நீட்சிகளை நிர்வகி’ என்பதைத் திறந்து, ஒவ்வொன்றின் விவரத்திலும் தள அணுகலைப் பார்க்கலாம். ‘எல்லாத் தளங்களிலும்’ என்றிருப்பதைச் ‘சொடுக்கும்போது மட்டும்’ என்றோ, ‘குறிப்பிட்ட தளங்களில் மட்டும்’ என்றோ மாற்றலாம். இது இன்னார்க்கு இன்ன இடம் என்று பாடு வகுப்பது போன்றது. சுருக்கினால் வேலை செய்யாத நீட்சியாயின், அது அத்துணை அதிகாரத்திற்கு உரியதுதானா என்று மீண்டும் எண்ணிப் பார்க்க.

நான்காவது, வங்கி வேலைக்குத் தனி இடம் ஒதுக்குக. குரோம், எட்ஜ் உலாவிகளில் தனித்தனிப் பயனர் சுயவிவரங்கள் அமைக்கலாம். ஒவ்வொன்றிலும் நீட்சிகள் தனித்தனி. ‘வங்கி’ என்று ஒரு சுயவிவரம் அமைத்து, அதில் ஒரு நீட்சியும் சேர்க்காதிருப்பது சிறந்த வழி. அங்கத்தினர் வந்து தம் கணக்கைப் பார்க்கும்போது விருந்தினர் சாளரத்தைத் திறந்து கொடுக்கலாம்; அதில் நீட்சிகள் இயங்கா; மூடியவுடன் அவர் வந்துபோன சுவடும் உலாவியில் தங்காது. மறைநிலைச் சாளரத்திலும் நாமே தனியே இசைந்தாலன்றி நீட்சிகள் இயங்குவதில்லை.

ஐந்தாவது, சங்கக் கணினியின் உலாவியில் எவரும் தம் சொந்தக் கூகுள் கணக்கைக் கொண்டு உட்புகாதிருக்க விதி செய்க. சங்கத்திற்கென்று தனி மின்னஞ்சல் கணக்கு இருத்தல் வேண்டும். அதற்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பும் அமைத்திருத்தல் வேண்டும்.

ஆறாவது, மாதந்தோறும் தணிக்கை செய்க. கூட்டுறவாளர்க்குத் தணிக்கை புதிதன்று. ஒரு தாளில் நான்கு கட்டங்கள் வரைந்து, நீட்சியின் பெயர், சேர்த்த நாள், சேர்த்தவர், தேவை என்ற நான்கையும் குறித்துக் கணினியின் அருகில் வைக்க. மாதக் கூட்டத்திற்கு முந்தின நாள், நிர்வாகப் பக்கத்தில் உள்ள பட்டியலோடு அத்தாளை ஒப்பிடுக. தாளில் இல்லாதது கணினியில் இருந்தால் நீக்குக. மூன்று மாதமாகப் பயன்படாததையும் நீக்குக. அங்காடியிலிருந்து விலக்கப்பட்ட நீட்சி நம்மிடம் இருந்தால், 2023 முதல் குரோம் தன் பாதுகாப்புச் சோதனைப் பகுதியில் அதைச் சுட்டிக் காட்டுகிறது. அங்காடியிலிருந்து விலக்கப்பட்டதனாலேயே நம் கணினியிலிருந்தும் அது போய்விட்டது என்று எண்ணுதல் தவறு. விலக்கப்பட்டவை சில நாம் நீக்கும்வரை உள்ளேயே இருக்கக்கூடும்.

தொடக்கப் பக்கம் தானே மாறுதல், தேடினால் அறியாத தளத்திற்குச் செல்லுதல், விளம்பரங்கள் பெருகுதல், நீக்கினாலும் நீட்சி திரும்ப வருதல் ஆகியவை தீங்கின் வெளி அடையாளங்கள். எனினும் திறமையான தீய நீட்சி எந்த அடையாளமும் காட்டாது. ஆகவே அடையாளம் தோன்றட்டும் என்று காத்திராமல் தணிக்கையைத் தவறாது செய்வதே முறை.

கைபேசி மட்டும் வைத்திருக்கும் அங்கத்தினர்க்கும் ஒரு சொல். ஆண்ட்ராய்டு கைபேசியின் குரோம் உலாவியில் வழக்கமாக நீட்சிகள் சேர்ப்பதற்கில்லை. பயர்பாக்ஸ் போன்ற சிலவற்றில் சேர்க்கலாம். கைபேசியில் அஞ்ச வேண்டியது, வங்கியின் பெயராலோ அரசுத் திட்டத்தின் பெயராலோ வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும் ஏ.பி.கே. கோப்பு. அதை நிறுவுவதும், தீய நீட்சியைச் சேர்ப்பதும் ஒரே வகைத் தவறு.

தீங்கு நேர்ந்துவிட்டால்

ஐயம் தோன்றியவுடன் முதலில் கணினியின் இணைய இணைப்பைத் துண்டிக்க. நீட்சியின் பெயரையும் விவரப் பக்கத்தையும் கைபேசியால் படமெடுத்து வைக்க. புகாருக்கு இது சான்றாகும். பின்பு வேறொரு நல்ல கணினியிலிருந்தோ கைபேசியிலிருந்தோ, முதலில் மின்னஞ்சலுக்கும் அடுத்து வங்கிக்கும் பிற கணக்குகளுக்கும் கடவுச்சொல்லை மாற்றுக. ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்ற வசதி இருக்கும் இடங்களில் அதையும் செய்க. இது மிக இன்றியமையாதது. ஏனெனில் நீட்சியை நீக்கினாலும், அது முன்பே கவர்ந்து சென்ற குக்கி செல்லுபடியாகவே இருக்கக்கூடும். சாவி களவு போனபின் கள்வனைத் துரத்தினால் மட்டும் போதாது. பூட்டையும் மாற்ற வேண்டும். அதன்பின் கணினியில் அந்நீட்சியை நீக்கி, நீங்காவிடில் கணினி நுட்பம் அறிந்தவரைக் கொண்டு துப்புரவு செய்க.

பணம் போயிருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. வங்கிக்கும், 1930 என்னும் தேசிய சைபர் குற்ற உதவி எண்ணிற்கும் உடனே தெரிவிக்க வேண்டும். அத்துடன் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்ய வேண்டும். விரைந்து சொன்னால், பணம் அடுத்த கணக்கிற்குத் தாவுமுன் நிறுத்தி வைக்கும் வாய்ப்பு உண்டு. ரிசர்வ் வங்கி 2017 டிசம்பர் 14இல் கூட்டுறவு வங்கிகளுக்கென்று பிறப்பித்த சுற்றறிக்கை, இவ்விரைவின் மதிப்பை எண்களாலேயே கூறிற்று. வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் குறையின்றி வேறெங்கோ நேர்ந்த குறையால் பணம் போயிருந்து, அறிவிப்பு வந்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை; 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் எனில் இழப்பிற்கு ஓர் உச்சவரம்பு; அதற்கும் மேற்பட்டால் வங்கியின் கொள்கைப்படி என்று அது வகுத்தது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போனதாயின், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நேர்ந்த இழப்பு அவரையே சாரும் என்றும் கூறிற்று. இப்போது நடப்பிலுள்ள விதியை அங்கத்தினர் தத்தம் கிளையில் கேட்டறிந்து வைத்துக்கொள்க. எந்த விதியாயினும் முன்னர்ச் சொன்னவர்க்கே அது துணை நிற்கும்.

இங்கு நிர்வாகக் குழுவினர்க்கு ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். தீங்கு நேர்ந்ததைக் கண்ட எழுத்தர் அஞ்சி மறைத்தால், அந்த அச்சமே வஞ்சகனுக்குப் பெருந்துணையாகும். ‘வேலை போய்விடும்’ என்று அவர் இரண்டு நாள் வாய் மூடியிருந்தால், அவ்விரண்டு நாளில் எத்தனை அங்கத்தினரின் கணக்கு திறக்கப்படுமோ? தரவுப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்தின் ஊழியரே ஏமாந்தார் என்பதை மேலே கண்டோம். ஆகையால் உடனே சொன்னவரைத் தண்டிப்பதில்லை என்று முன்கூட்டியே தீர்மானித்து அறிவித்துவிடுவது நலம். அக்கணினியைப் பயன்படுத்திய அங்கத்தினர்க்கும் அன்றே செய்தி போக வேண்டும். தம் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும் உரிமையும் அவசரமும் அவர்களுக்கு உண்டு.

சங்கம் செய்ய வேண்டிய தீர்மானம்

மேற்கூறியவற்றுள் எதற்கும் பெரும் பணம் வேண்டியதில்லை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் மூன்று வரித் தீர்மானம் ஒன்று நிறைவேற்றினால் போதும். சங்கக் கணினியில் செயலாளரின் எழுத்து மூலமான இசைவின்றி எந்த நீட்சியும் சேர்க்கலாகாது. வங்கி வேலை நீட்சியற்ற தனிச் சுயவிவரத்தில் மட்டுமே நடைபெற வேண்டும். நீட்சிப் பட்டியலை மாதந்தோறும் ஒப்பிட்டுக் கூட்டத்தில் வைக்க வேண்டும். இம்மூன்றையும் பதிவு செய்து, கணினியின் அருகிலேயே ஒட்டிவைக்கலாம்.

சங்கத்தில் புதிய அங்கத்தினரைச் சேர்க்கும்போது அவர் யார், எவ்வூரார், என்ன தொழிலினர் என்று வினவாமல் நாம் சேர்ப்பதில்லை. சேர்த்த பின்னும் ஆண்டுதோறும் கணக்குப் பார்க்கிறோம். ஒரு பங்கு எடுக்க வருபவரிடம் காட்டும் இக்கவனத்தில் சிறு பகுதியை, எல்லாருடைய கணக்கையும் ஒருசேரக் காண வரும் நீட்சியிடம் காட்டலாகாதா? தறியிலும் வயலிலும் ஏரியிலும் பாடுபட்டுச் சேர்த்த பொருள், ஒரு சொடுக்கில் போகாதிருக்க வேண்டும். இன்றே சங்கக் கணினியின் முன் அமர்ந்து அப்பட்டியலைத் திறந்து பார்க்குமாறு அங்கத்தினரையும் அலுவலரையும் கேட்டுக்கொள்கிறோம்.